வானத்தைப் பார்த்து நின்ற லாரி

லாரியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் இல்லை. என் இடுப்பு உயரத்துக்கு அந்தரத்தில் தொங்கின. பின்பக்கம், எங்கள் அப்பா மெர்பாவ் மரத்தில் கட்டிய மேல்கட்டின் வால், மண்ணில் ஊன்றி நின்றது.

புகைக்கூடத்துக்குப் பக்கத்து ஏற்றம் அது. காலை ஒன்பது மணி இருக்கும். ரப்பர் மரங்களில் பால் எடுத்துவிட்டு வந்தவர்கள் வாளியைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார்கள். புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாசம் மூக்கில் ஏறியது. தோட்டத்துத் துரை சுருட்டைக் கையில் வைத்திருந்தார். பற்றவைக்கவில்லை. அவருடைய நாய் மட்டும் லாரிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

டிரைவர் மேலே இருக்கையில் இருந்தார். சக்கரம் திருப்பும் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் பார்க்க வழியில்லை.

“அண்ணே, நான் எறங்கட்டா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“எறங்காத!” என்றார் அப்பா. “நீ எறங்குனா இன்னும் தூக்கும்.”

அந்த டிரைவருக்குத்தான் என்னைக் கொடுப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டு மாற்ற வேண்டும். அன்றைக்குப் புதன்.

பட்டாளத்து வண்டி

போன வாரம் பள்ளிக்கூடத்துக் கூரை பறந்த கதையை எழுதியிருந்தேன். அது எந்த வருஷம் என்று காம்பாரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். வருஷமெல்லாம் என்னிடம் கேட்கக் கூடாது. இன்னொருவர் என் போட்டோவைப் போடச் சொல்லி எழுதியிருக்கிறார். அதுவும் வேண்டாம்.

லாரி வந்தது, முதல் பெரிய சண்டை முடிந்து ஆறேழு வருஷம் கழித்து. ரப்பருக்கு நல்ல விலை இருந்த சமயம். எப்படித் தெரியும் என்றால், துரை அந்த வருஷம்தான் புது நாய் வாங்கினார்.

பட்டாளத்துக்காரர்கள் வேண்டாம் என்று கழித்துப் போட்ட வண்டிகளைச் சிங்கப்பூரில் ஏலம் விட்டார்களாம். துரை ஒன்றை எடுத்துவிட்டார். அது கூட்ஸ் ரயிலில் லகாட் ஸ்டேஷன்வரை வந்து, அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஒரு முழுநாள் வந்தது. மாட்டு வண்டி அதே தூரத்தை இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் வழியில் இரண்டு பாலம் உடைந்து புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது; அது மாட்டு வண்டியால் இல்லை.

சேற்று நிறத்தில் இருந்தது. இஞ்சின் மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர். சக்கரத்தில் காற்று கிடையாது, கெட்டி ரப்பர். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சைக்கிளுக்கு இருப்பதுபோல் சங்கிலி, ஆனால் ஒவ்வொரு கண்ணியும் என் உள்ளங்கை அகலம். முன்பக்கம் ஒரு கனத்த இரும்புப் பட்டை, அதில் இரண்டு கொக்கிகள். சண்டையில் பீரங்கி இழுத்த கொக்கிகள் என்று சொன்னார்கள்.

முன்சக்கரத்துக்கு மேல் மூடிய தகட்டில் ஒரு ஓட்டை இருந்தது. குண்டு பட்ட ஓட்டை என்று பேச்சு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதில் விரல் விட்டுப் பார்க்காதவர் இல்லை. ஒரு வாரம் காத்திருந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. அது விளக்கு மாட்டுகிற ஓட்டை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

டிரைவர் உட்கார ஒரு பலகை. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை, இரண்டு நீண்ட இரும்புச் சட்டம் மட்டும். அதன்மேல் ரப்பர் பெட்டிகளை ஏற்ற மேல்கட்டு கட்ட வேண்டும். நாலு மாட்டு வண்டிச் சுமையை ஒரே நடையில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். துரையின் உத்தரவு அது.

தோட்டத்தில் வண்டிப்பட்டறை வைத்திருந்தவர் எங்கள் அப்பா. வேலை அவரிடம் வந்தது.

ஒரு விரல்

மாட்டு வண்டியைப் பார்க்காத பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்கு இரண்டே சக்கரம்; முன்னால் நீளும் ஏர்க்காலின் நுனியில் நுகத்தடி. பாரத்தை முன்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்னால் அதிகம் ஏற்றினால் வண்டி மல்லாந்து, நுகத்தடி மேலே ஏறி, கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். இரண்டும் இல்லாமல் அச்சின்மேல் நிற்கும்படி கட்டுபவர்தான் வேலைக்காரர்.

அப்பா கட்டி முடித்த வண்டியில் மூட்டை ஏற்றி, மாடு பூட்டாமல், நுகத்தடியை ஒரு விரலால் தூக்குவார். சுண்டுவிரல் என்று அம்மா சொல்வாள். ஆள்காட்டி விரல்தான், நான் பார்த்திருக்கிறேன். விரலில் வண்டி நின்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அன்றைக்குச் சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார்.

லாரி பட்டறைக்கு வந்ததும் அதை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

“மாடு எங்க?” என்றார்.

டிரைவர் இஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார்.

அப்பா ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். “பாவம், அதுங்கழுத்துல பாரம் விழக்கூடாது” என்று சொல்லிவிட்டு, மரம் அறுக்கப் போய்விட்டார்.

பாதங்கள்

டிரைவர் லகாட்டில் ஈயம் தோண்டும் லம்பத்தில் மூன்று வருஷம் மோட்டார் ஓட்டியவர். லாரியோடு சேர்த்து அவரையும் துரை எடுத்துக்கொண்டார். டிரைவருக்கு அப்பா அம்மா இல்லை. புந்தோங்கில் ஒரு அத்தை மட்டும்.

பட்டறைக்கு அப்பாவின் மத்தியானச் சோற்றை நான்தான் கொண்டுபோவேன். டிரைவர் எப்போதும் லாரிக்கு அடியில் படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். வெளியே பாதங்கள் மட்டும் தெரியும். இரண்டு வாரத்தில் அந்தப் பாதங்களை நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். முகத்தைப் பார்த்ததில்லை. நான் வருவது தெரிந்தால் பாதங்கள் அசையாமல் நிற்கும். நான் போன பிறகுதான் சுத்தியல் சத்தம் கேட்கும்.

அந்த அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழச் சீப்போடு வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது தாமதம். ஆள் எதிரில் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்களும் பெண்ணுக்குப் பேச்சு வராதோ என்று சந்தேகப்பட்டுப் போய்விட்டார்கள். அப்பா சம்மதித்தார். மறுநாளிலிருந்து டிரைவர் அவரை அண்ணே என்பதை விட்டு மாமா என்றார்.

அது நாலு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் நான் சோற்றோடு போனபோது பட்டறைக்குள் பேச்சுச் சத்தம். நான் மரக்குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“மாமா, பின்னச்சுக்கு அந்தாண்ட ரெண்டு முழம் போதும். இது நாலு முழம் போவுது.”

“போனா என்ன?”

“பாரம் எல்லாம் பின்னாடி போயிரும். முன்சக்கரம் தரையப் புடிக்காது.”

“அதுக்கு? முன்னாடி ஏத்தச் சொல்றியா? மாட்டுக் கழுத்து என்னாவுறது?”

“இதுல மாடு இல்ல மாமா.”

“மாடு இல்லாம எது இழுக்குது?”

“எதுவும் இழுக்கல. இந்தச் சங்கிலி சுத்துதுல்ல, பின்சக்கரம் தள்ளுது.”

அப்பா குனிந்து சங்கிலியைப் பார்த்தார். நிமிர்ந்தார். “வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறது மாடு செத்த அன்னிக்குத்தான்” என்றார்.

“நான் லம்பத்துல மூணு வருசம் ஓட்டிருக்கேன் மாமா.”

“நான் நாப்பது வண்டி கட்டிருக்கேன். ஒரு வண்டி மல்லாந்ததில்ல. யாருடா ஒனக்கு மாமா?”

அதோடு அவர் மறுபடியும் அண்ணே ஆகிவிட்டார்.

விஷயம் துரைவரை போயிற்று. துரை பேசுவதைக் கிராணியார்தான் எங்களுக்குத் தமிழில் சொல்வார். ஆபீசில் கணக்கெழுதுகிறவர், நல்ல மனிதர், ஆனால் சிக்கனமானவர். துரை கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினார். கிராணியார், “துரைக்கு நீளம்தான் புடிச்சிருக்குலா. நெறைய ஏத்தலாமாம்” என்றார்.

ரம்பம் படக்கூடாது

டிரைவர் விடவில்லை. காலையில் அப்பா வருவதற்கு முன்னால், மேல்கட்டின் வாலில் ரம்பம் போட வேண்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைப்பார். அப்பா வந்து ஈரத்துணியால் துடைப்பார். ஐந்து நாள் இது நடந்தது. அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை லாரிக்குப் பூஜை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நாய்க்கும் பொட்டு வைத்தார்கள்.

பூஜை முடிந்த வண்டியில் ரம்பம் படக்கூடாது என்பது வண்டி கட்டுகிறவர்களின் வழக்கம். அதற்குப் பிறகு அது மரம் இல்லை, உயிர். ஆணி அடிக்கலாம், பலகை சேர்க்கலாம். அறுக்க முடியாது. இனி அந்த நீளம் நீளம்தான்.

அன்று சாயங்காலம் அப்பா கையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். “நாளைக்கு லாரி ஏத்தத்துல ஏறட்டும். அவனே வந்து பேசுவான். வெள்ளிக்கெழம தட்டு மாத்தலாம்.”

“ஏறலன்னா?” என்றாள் அம்மா.

“ஏறலன்னா, ஊரையே என்னப் பாத்துச் சிரிக்க வெச்சவன் வீட்டுக்கு என் மக போவ மாட்டா.”

அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் லயம் முழுக்கக் கேட்டது. ஷீட் பிழியும் மிஷினுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவள். அவளுடைய ரகசியம்கூட மூன்று வீடு தாண்டும்.

ஆக, லாரி ஏறினால் கல்யாணம். தூக்கினால் இல்லை.

நான் அந்தத் தோட்டத்தில் தினமும் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தோளில் சுமந்தவள். கம்பின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்வாளி நிரம்பி முன்வாளி காலியாக இருந்தால் கம்பு என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரைவர் சொன்னதுதான் சரி. அது எனக்குத் தெரியும். அப்பா சொன்னதே சரியாக இருக்கட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

கொக்கியில் தொங்கியவர்கள்

மறுநாள் சமதளத்தில் லாரி நன்றாகத்தான் போயிற்று. பதினாறு பெட்டி ரப்பர் பின்னால். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். ஏற்றம் தொடங்கியது. முன்பக்கம் ஒருமுறை குதித்தது. பிறகு சாவகாசமாக, தூங்கி எழுந்தவன்போல், தலையைத் தூக்கியது. வால் மண்ணில் குத்தி நின்றது.

பின்சக்கரத்துக்கு அடைக்கல் வைத்தார்கள். பெட்டியை இறக்கப் பின்னால் ஏறலாம் என்றால், ஏறுகிற ஆளின் பாரமும் பின்னால்தான் சேரும். ஒருவன் காலை வைத்தான். லாரி முனகியது. காலை எடுத்துவிட்டான்.

துரை ஏதோ சொன்னார்.

“துரை கேக்குறாரு, இது யார் தப்பு?” என்றார் கிராணியார். “தப்பு யாருதோ அந்த ஆள இன்னிக்கே மாத்தணுங்குறாரு.”

அப்பாவின் முகத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிப் பார்த்ததில்லை. துண்டை இறக்கிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் மேலே பேசாமல் இருந்தார். சொல்வதற்கு அவரிடம் எல்லாம் இருந்தது. வாலில் துடைத்த இடம்கூட வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

நான் அம்மாவின் பின்னால், அவளுடைய முந்தானைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் காதில், “அம்மா, பின்பாரம்னா வண்டிக்காரரு ஏர்க்காலு மேல முன்னாடி போயி உக்காருவாருல்ல?” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் காதில்தான் சொன்னேன்.

“ஏங்க!” என்றாள் அம்மா. தோட்டம் முழுக்கத் திரும்பியது. “ஒங்க மக கேக்குறா! பின்பாரம்னா வண்டிக்காரன் ஏர்க்காலுல போயி உக்காருவான்ல? முன்னாடி ஆள ஏத்துங்களேன்!”

இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். துரை பார்த்தார்.

அப்பா மெல்லத் திரும்பினார். “அதத்தான் நானும் நெனச்சேன்” என்றார். “டேய், முன்னாடி தள்ளி உக்காரு!”

“முன்னாடி இஞ்சின்தான் இருக்குண்ணே. கொதிக்குது.”

“அப்ப வேற ஆளு வேணும். கனமான ஆளா.”

எல்லோரும் பச்சையம்மாக்காவைப் பார்த்தார்கள். ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரே இடுப்பில் இரண்டு பிள்ளையைச் சுமப்பார். இடம் இருக்கும்.

“ஏன்டி எல்லாரும் என்னையே பாக்குறீங்க?” என்றார் பச்சையம்மாக்கா.

“நீங்க சும்மா அந்தக் கொக்கியப் புடிங்கக்கா. பட்டாளத்துக் கொக்கி, தாங்கும்” என்றாள் ஒருத்தி.

“கொக்கி தாங்கும்டி. என் மானம் தாங்குமா?”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடதுகைப் பக்கக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினார். லாரி ஒரு முழம் இறங்கி நின்றது. அங்கேயே ஆடியது.

“இன்னும் ஒரு ஆளு! சீக்கிரம்டி, கை வலிக்குது!”

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண்பிள்ளையோடு சேர்ந்து லாரியில் தொங்குவதா என்று யோசித்தார்கள்போல. அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். தள்ளியிருக்காவிட்டாலும் போயிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அப்படி நினைத்தேனா, தெரியாது. வலதுகைக் கொக்கியைப் பிடித்தேன். என் கால் தரையை விட்டது.

லாரி இறங்கியது. சக்கரம் இரண்டும் மண்ணைத் தொட்டன. உடனே பட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டோம். பின்னால் ஆட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். பதினாறு பெட்டி இறங்கும்வரை நாங்கள் இறங்க முடியவில்லை. பச்சையம்மாக்கா என்னிடம், “மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்கடி, இந்த மாதிரி நேரம் கெடைக்காது” என்றார். நானும் பார்க்கத்தான் திரும்பினேன். இஞ்சினிலிருந்து ஒரே ஆவி. ஒரு காது மட்டும் தெரிந்தது.

யார் தப்பு

எல்லாம் முடிந்ததும் டிரைவர் கீழே இறங்கி வந்து நின்றார். துரை விட்ட இடத்தில் தொடங்கினார். கிராணியார், “துரை மறுபடியும் அதையேதான் கேக்குறாரு” என்றார்.

அப்பா லாரியின் முன்னால் போய் நின்று, இரும்புப் பட்டைக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்துத் தூக்குவதுபோல் செய்தார். மூன்று டன் இருக்கும். நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“வண்டி சரியாத்தான் இருக்கு. வண்டிக்காரன் ஒல்லி. அதான் தூக்கிருச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள்.

அவர் லாரியின் வாலைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் பார்த்தார் என்று அம்மா சொல்வாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே எனக்குத் தெரியாது.

“ஆமா மாமா” என்றார். “நான் கொஞ்சம் ஒல்லிதான்.”

கிராணியார் அதைத் துரையிடம் சொன்னார். இந்த முறை சொல்லத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார். துரை டிரைவரைச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்தார். நாய் வாங்கும்போது அப்படித்தான் பார்த்திருப்பார். தலையை ஆட்டிவிட்டு ஏதோ சொன்னார்.

“துரைக்கும் அப்படித்தான் தோணுதாம்லா” என்றார் கிராணியார். “ஆள மாத்த வேணாம். கனத்தக் கூட்டுங்குறாரு.”

மறுநாளே அப்பா லாரியின் முன்பக்கம், இஞ்சினுக்கு முன்னால், ஒரு பெரிய மரப்பெட்டி செய்து பொருத்தினார். ரம்பம் லாரியில் படவில்லை. லகாட்டு லம்பத்திலிருந்து மணல் கொண்டுவந்து அதை நிரப்பினார்கள். ஈய மணல், சாதாரண மணலைவிடக் கனம். பதினாறு பெட்டி ரப்பரோடு லாரி ஏற்றத்தில் ஏறியது. அன்று சாயங்காலம் துரை பங்களாவிலிருந்து டிரைவருக்கு இரண்டு டின் கட்டிப்பால் வந்தது.

பக்கத்துத் தோட்டத்துத் துரைகள் இருவர் வந்து பெட்டியை அளந்து, தாளில் வரைந்துகொண்டு போனார்கள். அவர்களுடைய லாரிகளுக்கு வால் நீளம் கிடையாது. இருந்தாலும் பெட்டி வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை புந்தோங் அத்தை தட்டோடு வந்தார். உட்கார்ந்ததும் முதல் பேச்சே அதுதான்.

“பையன் ஒல்லின்னு ஊரு முன்னாடி சொன்னீங்களாமே. இப்பப் பொண்ணக் குடுக்குறீங்க?”

“கல்யாணம் ஆனா சதை போடும்” என்றார் அப்பா.

நாற்பத்தோரு வருஷம் ஆக்கிப் போட்டேன். அவருக்குச் சதை போடவே இல்லை. லாரி ஓடிய காலம்வரை, வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு மறுநாள், அப்பா எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்ததும் மருமகனுடைய மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார்.

“இல்ல மாப்புள, பெட்டிய இன்னும் எடுக்க முடியாது” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

“ஆமா மாமா” என்பார் அவர்.